எண்பத்து மூன்றில் நின்ற ஈரம்

என் வாய்தான் எனக்கு எதிரி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திய வாய். வகுப்பில் கத்திக் கத்திப் பழகியது, ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. போன வருஷம் ஜூலையில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், நாற்பது பேர் முன்னால், அது பாட்டுக்கு ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டது.

விஷயம் அறுப்பின் பண்டிகை பற்றியது. அக்டோபர் கடைசி ஞாயிறு எங்கள் சபையில் அந்தப் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும், ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அதெல்லாம் சரி. மேற்குத் தாம்பரத்தில் யாருக்கு ஐயா வயல் இருக்கிறது? பாதிப் பேர் வாத்தியார், மீதிப் பேர் ஆபீஸ். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழைத்தாரும் வாங்கி வருவோம். காய்கறிக்காரருக்கே எங்கள் பண்டிகைத் தேதி மனப்பாடம்.

கூட்டத்தில் யார் என்ன கொண்டுவருவது என்று எழுதிக்கொண்டிருந்தார் என் நாத்தனார். என் கணவரின் அக்கா, அடுத்த தெருவில்தான் வீடு, ஐக்கியத்துக்குச் செயலாளர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் முறை வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு, "நீதான் ரிட்டையர் ஆயிட்டு வீட்ல சும்மாதானே இருக்க. எல்லாருக்கும் சேர்த்து நீயே மார்க்கெட் போய் வாங்கிட்டு வந்துடேன்," என்றார்.

சும்மா. அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து ஆளாளுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கூரியர் வாங்கி வைக்கச் சொல்வாள், சும்மாதானே இருக்கிறேன். யார் வீட்டுக் கேஸ் சிலிண்டருக்கும் நான்தான் காவல். எரிச்சலில் எழுந்து நின்றேன். "வாங்கிட்டு வர்றதுக்கு வேற ஆளப் பாருங்க அண்ணி. இந்த வருஷம் நான் விளைய வச்சுக் கொண்டு வரேன்," என்றேன்.

"எங்க? மொட்டை மாடியிலயா?"

"கீழ் ரூமுல."

"கான்கிரீட் தரையிலயா?" அண்ணி கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. என்ன விளைய வைப்பது என்றே எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். அக்டோபர் கடைசி ஞாயிறு வெறுங்கையோடு போனால், இந்த ஆயுசுக்கும் நான் சும்மா இருக்கிறவள்தான்.

கீழ் அறை மாடிப்படிக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு மழையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து போனதிலிருந்து அதில் யாரும் குடியிருந்ததில்லை. தண்ணீர் வடிந்த பிறகு என் கணவர் பழைய தரைமேல் செங்கல் ஜல்லியைக் கொட்டி, ஒன்றரை அடி உயர்த்தி, மேலே கான்கிரீட் போட்டார். டைல்ஸ் அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வெயில் நேரே விழாத அறை, ஒரே ஒரு ஜன்னல். அதில் காளானைத் தவிர வேறு எதுவும் விளையாது என்று இரண்டு நாள் யோசித்ததில் புரிந்தது.

குன்றத்தூர்ப் பக்கம் காளான் போடுகிற ஒரு அம்மாவைத் தேடிப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். "பால் காளான் போடுங்க மேடம். நம்ம ஊரு வெயிலுக்குப் பயப்படாது. சூட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஈரத்தைப் பாருங்க. எண்பதுக்குக் கீழ போனா காயும், தொண்ணூறுக்கு மேல போனா அழுகும்," என்றார். ஈரப்பதம் காட்டுகிற உள்ளங்கை அகல மீட்டர் ஒன்றையும் வாங்கச் சொன்னார்.

ஈரப்பதமா! எனக்கா! முப்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியது அதைத்தான். ஒப்பு ஈரப்பதம் என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மார்க் வாங்கும் அளவுக்கு எனக்கு அது தெரியும். ஓர் அறைக்குள் அதைப் பிடித்து நிறுத்த எனக்குச் சுத்தமாகத் தெரியாது என்று அடுத்த மாதமே தெரிந்துகொண்டேன்.

வைக்கோலை வேகவைத்து, ஆறவைத்து, பாலிதீன் பைகளில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஓர் அடுக்கு என்று நிரப்பிக் கட்டினேன். ஆகஸ்டில் பன்னிரண்டு பை, மூன்று வாரம் கழித்து இன்னொரு பன்னிரண்டு பை. எல்லாவற்றையும் இரும்பு ஷெல்ஃபில் அடுக்கினேன். முதல் பன்னிரண்டிலும் காளான் இழை படர்ந்து வைக்கோல் வெள்ளை வெளேரென்று ஆனதும் பைகளின் வாயைத் திறந்து, வேகவைத்த மண்ணை மேலே பரப்பினேன். இனி அந்த மண்ணில் மொட்டு வரும். அது வரைக்கும் அறையின் ஈரத்தைக் காப்பாற்றினால் போதும்.

போதுமாம். காலையில் இரண்டு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றுவேன். மீட்டர் தொண்ணூறு காட்டும். செப்டம்பர் வெயிலில் பகல் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஐம்பத்தைந்து! மறுபடி ஊற்றினால் மறுபடி தொண்ணூறு, மூன்று மணி நேரத்தில் மறுபடி கீழே. மண் தரையாக இருந்தால் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். கான்கிரீட் எதையும் வைத்துக்கொள்ளாது. ஊற்றிய தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடி நிற்கும், மற்ற இடமெல்லாம் பளிச்சென்று காயும். நாலு நாள் குடம் தூக்கியதில் இடுப்பு விட்டுப்போனது. "இந்தத் தரைக்கு என்மேல என்ன கோபம்?" என்று உரக்கவே கேட்டேன்.

குன்றத்தூர் அம்மா போனில் வழி சொன்னார். தரைமேல் இரண்டு அங்குலம் மணல் பரப்பி நனைத்து வைத்தால் மணல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். ஒரு லோடு ஆட்டோ மணல் வரவழைத்தேன். ஆட்டோக்காரர் வாசலில் கொட்டப் போனார். உள்ளே கொட்டச் சொன்னேன்.

"வூட்டுக்குள்ளயா? இன்னா மேடம், ரூமுக்குள்ள பீச்சு கட்டப் போறீங்களா?"

"ஆமா. கட்டி முடிச்சதும் குடும்பத்தோட வாங்க, சுண்டல் தரேன்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டுப் போனார். மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மீட்டர் எண்பத்தைந்து காட்டியது. மூன்று மணிக்கும் எண்பத்தைந்துதான். எனக்கு ஆடவே தோன்றியது. மாதக் கடைசியில் குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் வந்தன. தினமும் காலையில் போய் எண்ணிவிட்டு வந்துதான் பல் தேய்ப்பேன்.

அங்கேதான் வந்தது வினை. மொட்டு வந்த செய்தி கேட்டு அண்ணி நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போவோமா நாங்கள்? வந்தால் ஒரு ஜெபம் வேண்டும். என் கணவருக்கு அன்றைக்கு லீவு. திருமுடிவாக்கத்தில் இயந்திர உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தர ஆய்வாளர் அவர், எதையும் முறையாகச் செய்கிறவர். அறைக்குள்ளேயே நாற்காலிகளைப் போட்டு அவர்களை உட்கார வைத்தார். நான் மாடியில் காபி போட்டு, வாழைக்காய் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் யார் எந்த அறைக்குள் நுழைந்தாலும் கை முதலில் ஃபேன் சுவிட்சுக்குத்தானே போகும்? "தம்பி, வேர்க்குது, ஃபேனைப் போடுப்பா," என்று அண்ணி சொல்லியிருக்கிறார், தம்பியும் போட்டிருக்கிறார். அதன் அடியில் நின்றுகொண்டு அண்ணி கண்களை மூடி, "இந்த விளைச்சலை ஆசீர்வதியும் ஆண்டவரே," என்று உருகி ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்தின் நடுவில் போய்ச் சுவிட்சை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டியவள், அன்றைக்கு பஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன். ஆமென் சொன்ன கையோடு ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனேன்.

அவர்கள் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் என் கணவர் மறுபடி கீழே போயிருக்கிறார். சுவரெல்லாம் வேர்த்திருந்ததாம், பாவம் காயட்டும் என்று ஃபேனைத் திரும்பப் போட்டுவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் நான் போனபோது மீட்டர் நாற்பத்தெட்டில் இருந்தது. மணல் மேலாகக் காய்ந்து வெளுத்திருந்தது. மறுநாள் காலையில் அத்தனை மொட்டும் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது. பன்னிரண்டு பையில் ஒன்றில்கூட உயிரில்லை.

நான் அழுதேன். அழுது முடித்ததும் கத்தினேன். "ஈரம் வேணும்னு மணலைக் கொட்டி வச்சிருக்கேன், நீங்க காயட்டும்னு ஃபேனைப் போடுறீங்க! உங்க கம்பெனியில இப்படித்தான் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவீங்களா?" தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சாப்பிடாமல் போய், ஏணி போட்டு ஏறி, அந்த ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். சென்னையில் வீட்டு ஃபேனை வேண்டுமென்றே கழற்றிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கோபம் அதோடு பாதி இறங்கியது. மீதி பாதிக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

மிச்சம் இருந்தது இரண்டாவது பன்னிரண்டு பை மட்டும். அதற்கு அப்போதுதான் மண் பரப்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லாம் சரியாக நடந்தால் பண்டிகைக்கு முந்தின நாள் அறுவடைக்கு வரும். ஒரு நாள் தவறினாலும் போச்சு. செத்த மொட்டுகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, முதல் பைகளுக்கும் பழக்க தோஷத்தில் தண்ணீர் தெளித்து வைத்தேன். அவற்றின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது தடவை மொட்டு வந்த அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. முடிச்சூர்ச் சாலையில் ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இனி தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். மீட்டர் தொண்ணூற்று மூன்று காட்டியது, பிறகு தொண்ணூற்றாறு, அப்புறம் தொண்ணூற்றெட்டு. ஷெல்ஃபின் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மொட்டுகளின் தலையில் நீர்த்துளி நின்று, அந்த இடத்தில் மஞ்சள் புள்ளி விழ ஆரம்பித்தது. புள்ளி விழுந்ததைத் தொட்டால் வழவழவென்று இருந்தது, மோந்து பார்த்தால் குமட்டியது. பண்டிகைக்கு எட்டு நாள்.

"ஏசி போட்டுடலாமா?" என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது ஒரேயடியா காய வச்சிடும்ங்க. ஒரு தடவை காய வச்சது போதாதா?" என்றேன். அவர் முகம் வாடியது. சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

நான் ஆசைப்பட்டுக் கொட்டிய மணல்தான் இப்போது எதிரி. ஊறிப் போய், விடாமல் ஈரத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாண்டுச் சட்டியில் அள்ளி அள்ளி மாடிப்படிக்கு அடியில் கொட்டினோம். எனக்கு ஐம்பத்தெட்டு, அவருக்கு ஐம்பத்தொன்பது. பாதியில் அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "ஏம்மா, ஒரு பூசணிக்காய் வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, மீதி மணலையும் அள்ளினோம்.

தரையைத் துடைத்து எடுத்த பிறகும் மீட்டர் தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்கவில்லை. மணல் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் நான் ஊற்றவில்லை, பிறகு எங்கிருந்து வருகிறது? சந்தேகத்தில் ஒரு பாலிதீன் துண்டை வெறும் கான்கிரீட் மேல் விரித்து, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாலிதீனின் மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். "வாங்க, வந்து பாருங்க!" என்று கத்திய கத்தலில் அவர் பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார். மழையில் நிலத்தடி நீர் ஏறி, ஜல்லி வழியாகக் கான்கிரீட்டுக்குள் புகுந்து, தரையே கீழிருந்து வேர்த்துக்கொண்டிருக்கிறது. வெயில் காலத்தில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொள்ளத் தெரியாத தரை, இப்போது கேட்காமலே தருகிறது.

காரணம் தெரிந்ததும் எனக்கு யானை பலம் வந்துவிட்டது. தடித்த தார்ப்பாய் வாங்கி வந்து சுவரோடு சுவராக விரித்தோம். ஒவ்வொரு ஷெல்ஃபாகத் தூக்கி வைத்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினார் அவர். ஒரு சின்னச் சுருக்கம் தெரிந்தாலும் பிரித்துத் திரும்ப ஒட்டினார். தர ஆய்வாளர் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜன்னலின் மேல் தட்டில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனையும் பொருத்தினார். மீட்டர் தொண்ணூற்றொன்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது. வெளியே இருப்பதும் மழைக் காற்றுதானே, அதை எத்தனை தடவை உள்ளே இழுத்தாலும் என்ன பிரயோஜனம்?

நாற்காலியைப் போட்டு மீட்டர் எதிரே உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்திருப்பேன். சட்டென்று என் வாய் தானாகவே பாடம் நடத்தியது. "குளிர்ந்த காற்றைவிட வெப்பமான காற்று அதிக நீராவியைத் தாங்கும்." கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அறையைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும். அதே ஈரம்தான் இருக்கும், ஆனால் எண் இறங்கும். பால் காளானுக்குச் சூடு ஆகவே ஆகும். அட மக்கு, முப்பது வருஷம் கையில் விடையை வைத்துக்கொண்டு தேடியிருக்கிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சூட்டுக்கு என்ன செய்வது? என் கணவர் பரணில் ஏறி, கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கிற அட்டைப்பெட்டியை இறக்கினார். எல்.இ.டி. வருவதற்கு முன் ஸ்டாருக்குள் போடுகிற குண்டு பல்புகள் நாலு, பழைய செய்தித்தாளில் சுற்றியபடி பத்திரமாக இருந்தன. எதையும் தூக்கிப் போடாத அவருடைய குணத்தை நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நாலு மூலையிலும் நாலு பல்பு எரிந்தது. மீட்டர் தொண்ணூறு காட்டியது, எண்பத்தெட்டு, எண்பத்தைந்து. மத்தியானம் எண்பத்து மூன்றுக்கு வந்து நின்றது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை, உள்ளே நான் சொன்ன எண். நான் கைதட்டினேன், அவரும் தட்டினார்.

மிச்சம் இருந்த நாளெல்லாம் என் குடித்தனம் அந்த அறையில்தான். எண்பதை நெருங்கினால் ஒரு பல்பை அணைப்பேன், எண்பத்தாறானால் எக்ஸாஸ்டைப் பத்து நிமிஷம் போடுவேன். புள்ளி விழுந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டேன். மிச்சம் இருந்தவை தண்டு பருத்து, குடை விரித்து, என் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தன. சனிக்கிழமை சாயங்காலம் திருகித் திருகிப் பறித்தேன். மூங்கில் கூடை நிறைந்து மேலே குவிந்து நின்றது. ஒரு கறை இல்லை, அப்படி ஒரு வெள்ளை.

ஞாயிற்றுக்கிழமை பூசணிகளுக்கும் வாழைத்தார்களுக்கும் கால் கட்டிய சேவல்களுக்கும் நடுவில் அந்தக் கூடையை வைத்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. மைக் அண்ணி கையில். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, கொண்டுவந்த குடும்பத்தைச் சொல்லி ஏலம் விட்டார். என் கூடையைத் தூக்கினார். ஒரு காளானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மார்க்கெட்டுல வாங்கினது இல்ல," என்றார். "இங்க இருக்கறதுல இது ஒண்ணுதான் வாங்கினது இல்ல. என் தம்பி பொண்டாட்டி, கான்கிரீட் தரையில விளைய வச்சது."

என் கணவர் சபை என்றும் பார்க்காமல் விசில் அடித்தார். ஏலம் கேட்ட சத்தத்தில் சேவல்களே மிரண்டு கத்தின. என்னிடம் படித்த அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் விடாமல் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் மைக்கைப் பிடித்திருந்த அண்ணியே குறுக்கே புகுந்து கேட்டு, தானே மூன்று தரம் சொல்லி, தானே எடுத்துக்கொண்டார். நியாயமே இல்லை.

வாசலில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "எனக்கு இதைச் சமைக்கத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செஞ்சு குடுத்துட்டுப் போயேன்."

அன்றைக்குக் காலையில்தான் நான் பார்த்திருந்தேன். ஃபேனில் காய்ந்து செத்துவிட்டதாக நான் கைவிட்ட முதல் பன்னிரண்டு பையிலும் மண்ணைப் பிளந்துகொண்டு புதுசாக மொட்டு வந்திருந்தது.

"எனக்கு நேரமில்ல அண்ணி," என்றேன். "ரூமுல வேலை இருக்கு."